அத்தியாயம் 7: அமெரிக்கப் பள்ளியிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிப்பது

அமெரிக்க ஹைஸ்கூலில் படிக்கும் பிள்ளைகள் "ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று வீட்டில் கேட்பது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய செப்டம்பரில்தான். அப்போது கடைசித் தேதிக்கு ஆறு வாரம்கூட இருக்காது. படிவம் நிரப்ப அது போதும். ஆனால் அந்தப் படிவத்தில் எழுத வேண்டிய மதிப்பெண்கள் பதினோராம் வகுப்பு மே மாதத்திலேயே வாங்கியிருக்க வேண்டியவை. அதனால் பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்குத்தான் இந்த அத்தியாயம் முழுப் பயன் தரும். மற்றவர்களும் படிக்கலாம், கடைசிப் பகுதி உங்களுக்கானது.

படிப்பதும் எழுதுவதும் பிள்ளையின் வேலை. நாட்காட்டியும் பணக் கணக்கும் பெற்றோர் வேலை. இந்த இரண்டையும் கலக்காதீர்கள்.

அடிப்படை ஒன்றே ஒன்று

அமெரிக்கக் கல்லூரி ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, படிப்பு பிறகு. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கின்றன. தேர்ந்தெடுப்பவரும் அந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியரே. வாரந்தோறும் இரண்டு மூன்று பேரை எதிரில் உட்கார வைத்து விவாதிக்கப்போகிறவர் அவர். இந்தப் பையனோடு மூன்று வருடம் இந்தப் பாடத்தைப் பேச முடியுமா என்பதுதான் அவர் பார்ப்பது. தாத்தா அங்கே படித்தார், பள்ளி அணிக்கு கேப்டன், முந்நூறு மணி நேரம் தொண்டு செய்தாள் என்பவற்றுக்கு இங்கே எடை இல்லை. அரங்கேற்றத்துக்கும் இல்லை. பொருளாதாரம் படிக்க விண்ணப்பிக்கும் பெண்ணின் பரதநாட்டியத்தை அந்த ஆசிரியர் மதிக்கலாம். இடம் கொடுக்க அது காரணம் ஆகாது.

கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவையே.

இது யாருக்கு ஒத்துவராது

எந்த மேஜர் என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு ஒத்துவராது. சேர்ந்த பிறகு பாடம் மாற்றுவது அரிது. இரண்டு மேஜர், ஒரு மைனர் என்று கட்டிக்கொள்ளவும் வழியில்லை. மூன்று வருடமும் ஒரே பாடம், அதைச் சுற்றிய துணைப் பாடங்கள், அவ்வளவுதான்.

டாக்டராகி அமெரிக்காவில் தொழில் செய்ய நினைப்பவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். பிரிட்டனில் பிரீ-மெட் கிடையாது. பள்ளி முடித்ததும் நேராக மருத்துவம், இந்த இரண்டு இடங்களிலும் ஆறு வருடம். வெளிநாட்டு மாணவருக்கு ஒதுக்கப்படும் இடங்கள் மிகச் சில. முடித்துத் திரும்பினால் வெளிநாட்டில் படித்த டாக்டராக யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகள் எழுதி ரெசிடென்சிக்குப் போட்டியிட வேண்டும்.

படி 1: பாடத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பல்கலைக்கழகத்தை

ஒரே ஆண்டில் இரண்டுக்கும் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரை வைத்து முடிவு செய்யாமல் பாடத்தின் வடிவத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

பொருளாதாரத்தை மட்டும் படிக்க வேண்டுமானால் கேம்பிரிட்ஜ். ஆக்ஸ்ஃபோர்டில் அது தனியாக இல்லை. மேலாண்மையோடோ வரலாற்றோடோ, தத்துவம் அரசியல் இரண்டோடும் சேர்ந்த பி.பி.இ. என்ற புகழ்பெற்ற படிப்பாகவோதான் கிடைக்கும். இயற்பியலா வேதியியலா என்று தயங்கும் பிள்ளைக்கு கேம்பிரிட்ஜின் இயற்கை அறிவியல் படிப்பு பொருந்தும். முதல் ஆண்டில் பல அறிவியல்களைத் தொட்டு, பிறகு குறுக்கிக்கொள்ளலாம். இயற்பியல்தான் என்று உறுதியாக இருப்பவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு முதல் நாளிலிருந்தே இயற்பியல் தரும்.

கல்லூரித் தேர்வில் ரொம்ப நேரம் செலவிடாதீர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களும் முப்பதை ஒட்டிய கல்லூரிகளாகப் பிரிந்திருக்கின்றன. அந்தப் பாடம் அங்கே இருக்கிறதா, விடுமுறையில் அறையில் தங்கவிடுவார்களா என்று மட்டும் பாருங்கள். முடிவு செய்ய முடியவில்லை என்றால் கல்லூரி குறிப்பிடாமலே விண்ணப்பிக்கலாம். எந்தக் கல்லூரியில் சுலபமாக இடம் கிடைக்கும் என்று புள்ளிவிவரம் தேடுவது வீண். நல்ல விண்ணப்பத்தை ஒரு கல்லூரி விட்டாலும் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இரண்டு இடத்திலும் உண்டு.

படி 2: மதிப்பெண் கணக்கு

ஜி.பி.ஏ. 4.0 இருக்கிறது, டிப்ளமா வரப்போகிறது என்றால் போதாது. அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளமாவை மட்டும் வைத்து இரண்டும் இடம் தருவதில்லை. அவர்கள் கேட்பது ஏபி தேர்வுகள்.

ஆக்ஸ்ஃபோர்டு: நான்கு ஏபி, நான்கிலும் 5. அல்லது மூன்று ஏபியில் 5, கூடவே எஸ்.ஏ.டி. 1480 அல்லது ஏ.சி.டி. 33.

கேம்பிரிட்ஜ்: குறைந்தது ஐந்து ஏபியில் 5, கூடவே எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. அறிவியல் பாடங்களுக்கும் பொருளாதாரத்துக்கும் எஸ்.ஏ.டி. 1500, மற்றவற்றுக்கு 1460.

ஐ.பி. பள்ளியில் படிப்பவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு பாடத்தைப் பொறுத்து 38 முதல் 40 புள்ளி கேட்கிறது. கேம்பிரிட்ஜ் அதைவிடச் சற்றுக் கூடுதல்.

இவை அண்மை ஆண்டுகளின் அளவுகள். விண்ணப்பிக்கும் ஆண்டின் பாடப் பக்கத்தில் மறுபடி சரிபாருங்கள். இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் தவறுகள்:

1. கால்குலஸ் ஏபி (AB), கால்குலஸ் பிசி (BC) இரண்டையும் தனித்தனியாக எண்ணுவது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தேர்வுகள் ஒன்றாகவே கொள்ளப்படும்.
2. பாடத்துக்குத் தேவையான ஏபியை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் நிரப்புவது. இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பிக்கிறவரிடம் கால்குலஸ் பிசியும் கால்குலஸ் அடிப்படையிலான ஃபிசிக்ஸ் சியும் எதிர்பார்ப்பார்கள். மனிதப் புவியியலில் வாங்கிய 5 அந்த இடத்தை நிரப்பாது.
3. 4 வாங்கிய தேர்வை மறைப்பது. எழுதிய எல்லாவற்றையும் படிவத்தில் காட்ட வேண்டும்.
4. ஐந்து ஏபியையும் பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்துக்கு ஒதுக்கி வைப்பது. இதுதான் பெரிய தவறு.

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேவையான மதிப்பெண்கள் ஏற்கெனவே கையில் இருந்தால் நிபந்தனை இல்லாமலே இடம் கிடைக்கலாம். இல்லாவிட்டால் "இத்தனை 5 வாங்கினால்" என்ற நிபந்தனையோடு வரும். ஏபி முடிவு வருவது ஜூலையில். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு டெபாசிட் கட்ட வேண்டியது மே 1. இடையில் இரண்டு மாதம் குடும்பமே அந்தரத்தில் தொங்கும். மூன்று ஏபியாவது பதினோராம் வகுப்பில் முடித்துவிடுங்கள். பள்ளியில் அந்த ஏபி வகுப்பு இல்லை என்றாலும் தேர்வை எழுதலாம். அக்கம்பக்கத்துப் பள்ளி எதுவாவது வெளி மாணவரை எழுத விடுமா என்று இலையுதிர் காலத்திலேயே கேளுங்கள். மே மாதத் தேர்வுக்கான பதிவு பெரும்பாலான பள்ளிகளில் நவம்பர் நடுவில் மூடிவிடும்.

படி 3: நுழைவுத் தேர்வு

பல பாடங்களுக்கு எஸ்.ஏ.டி. தவிர இன்னொரு தேர்வும் உண்டு. கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங், இயற்கை அறிவியலுக்கு இசாட். பொருளாதாரம், கணினி அறிவியலுக்கு டி.எம்.யு.ஏ. சட்டத்துக்கு எல்நாட், மருத்துவத்துக்கு யூகாட்; இவ்விரண்டும் இரு பல்கலைக்கழகங்களுக்கும் பொது. ஆக்ஸ்ஃபோர்டின் மற்றத் தேர்வுகள் அண்மையில் மாறிவருகின்றன. அண்ணன் எழுதிய தேர்வைத் தம்பியும் எழுதுவான் என்று நம்பாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, பதிவு. பிரிட்டனின் பொது விண்ணப்பத் தளமான யூகாஸில் விண்ணப்பித்தால் தேர்வுக்கும் தானாகப் பதிவாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஆகாது. தனியாகப் பதிவு செய்ய வேண்டும்; விண்ணப்பக் கெடுவுக்கு முன்பே, செப்டம்பரிலேயே பதிவு மூடிவிடும். யூகாட் அதற்கும் முன்னால். ஜூலை முதல் செப்டம்பருக்குள் எழுதியே முடிக்க வேண்டும். தேர்வு நடக்கும் பியர்சன் வியூ மையங்கள் அமெரிக்காவில் பல ஊர்களில் இருக்கின்றன. ஆனாலும் அருகிலுள்ள மையத்தின் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். தேர்வைத் தவறவிட்டால் அந்த ஆண்டு விண்ணப்பம் அதோடு முடிந்தது.

இரண்டு, கால்குலேட்டர். இன்றைய எஸ்.ஏ.டி. திரையிலேயே டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டரைத் தருகிறது. இசாட், டி.எம்.யு.ஏ. இரண்டிலும் கால்குலேட்டர் கிடையாது. இசாட்டில் ஒவ்வொரு பகுதியும் 40 நிமிடத்தில் 27 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. எஸ்.ஏ.டி. கணக்கில் 800 வாங்கிய பிள்ளை இங்கே திணறுவது இதனால்தான். கோடை விடுமுறையில் வாரம் நான்கு நாளாவது பேனாவும் காகிதமும் மட்டும் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பழகட்டும். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பயிற்சி மையத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டியதில்லை.

படி 4: யூகாஸ் படிவம்

காமன் ஆப் இங்கே உதவாது. பிரிட்டனில் ஒரு சில பல்கலைக்கழகங்கள், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்றவை, அதையும் ஏற்கின்றன. இந்த இரண்டுக்கும் யூகாஸ்தான் வழி. கட்டணம் முப்பது பவுண்டுக்குள். ஒரே படிவத்தில் ஐந்து இடம் வரை தேர்ந்தெடுக்கலாம். மருத்துவமானால் நான்குதான். ஒரு பல்கலைக்கழகத்துக்கு மற்ற நான்கும் தெரியாது. ஆனால் ஐந்துக்கும் போவது ஒரே கட்டுரை. அதனால் ஐந்தும் ஒரே பாடமாக, இல்லையென்றால் நெருங்கிய பாடங்களாக இருக்க வேண்டும்.

1. பெயர். நம் குடும்பங்களில் இதில்தான் சிக்கல் தொடங்கும். இன்ஷியல் விரிந்த பாஸ்போர்ட், அப்பா பெயர் கடைசிப் பெயராக ஆன பள்ளிப் பதிவு, விசாவில் எஃப்.என்.யு. என்று விழுந்த முதல் பெயர் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும். யூகாஸ், காலேஜ் போர்டு, நுழைவுத் தேர்வுப் பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். தேர்வு மையத்தில் அடையாள அட்டைப் பெயர் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
2. தேதி. பிரிட்டனில் நாள் முதலில், மாதம் பிறகு.
3. படிப்பு விவரம். டிப்ளமா ஒரு பதிவு. ஒவ்வொரு ஏபியும் தனிப் பதிவு. எழுதப்போகும் ஏபிகளையும் முடிவு வரவில்லை என்று குறித்துச் சேர்க்க வேண்டும். இதை விட்டால், அந்த மாணவருக்கு வேறு ஏபியே இல்லை என்று படிப்பவர் முடிவு செய்வார்.
4. கட்டண நிலை. லண்டனில் சித்தப்பா இருக்கிறார், குரோய்டனில் அத்தை இருக்கிறார் என்பதால் உள்நாட்டுக் கட்டணம் கிடைக்காது. பிள்ளையிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தாலும், படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்திருந்தால் பொதுவாக வெளிநாட்டுக் கட்டணம்தான்.
5. பிள்ளை சார்பில் யூகாஸோடு பேச ஒருவரை நியமிக்க இடம் உண்டு. பெற்றோர் பெயரைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போன் செய்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

கேம்பிரிட்ஜுக்கு இன்னொரு வேலை உண்டு. யூகாஸ் அனுப்பிய பிறகு அவர்களே ஒரு கூடுதல் படிவம் அனுப்புவார்கள். அதற்கும் பள்ளியின் மதிப்பெண் பட்டியலுக்கும் அக்டோபர் 22 கடைசி நாள் என்பது வழக்கம். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணமும் இருக்கும். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் விழுந்ததா என்று தினமும் பாருங்கள்.

படி 5: பர்சனல் ஸ்டேட்மென்ட்

காமன் ஆப் கட்டுரையை எடுத்து இங்கே ஒட்டுவது எனக்குத் தெரிந்து மிகவும் பரவலான தவறு. அது வேறு இலக்கியம். அங்கே ஆள் யார் என்று காட்ட வேண்டும். இங்கே ஆள் எதைப் படித்தார், படித்ததைப் பற்றி என்ன யோசித்தார் என்று காட்ட வேண்டும்.

2026இல் சேர்பவர்களிலிருந்து ஒரே நீண்ட கட்டுரை என்ற முறை போய், மூன்று கேள்விகள் வந்துவிட்டன. இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? உங்கள் பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார் செய்தது? படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்? மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து, இடைவெளியும் கணக்கில் சேரும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. எந்தக் கேள்விக்கு அதிக இடம் என்பது உங்கள் விருப்பம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜைக் குறிவைப்பவர் முதல் இரண்டுக்குமே பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எழுதும் வரிசை:

1. கோடையில் பாடம் சார்ந்த இரண்டு மூன்று நூல்கள், ஒரு நீண்ட கட்டுரை, ஒரு விரிவுரை. பட்டியலைப் பெருக்காதீர்கள்.
2. ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம்: எதை ஏற்றேன், எது இடித்தது, எந்தக் கேள்வி மிச்சம்.
3. அந்தக் குறிப்புகளிலிருந்து நல்ல இரண்டை மட்டும் எடுத்து விரித்து எழுதுதல்.
4. கடைசியாக முதல் வரி.

"சிறு வயதில் தாத்தா வீட்டு மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரங்களை எண்ணியபோதே எனக்கு இயற்பியல் மீது காதல்" என்று தொடங்கினால் அறுபது எழுத்துக்கு மேல் போய்விடும். படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மாறாக, "ஊசல் பரிசோதனையில் வீச்சு கூடியபோது எங்கள் அளவீடு சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை; ஏன் என்று தேடியபோது சிறு கோணத் தோராயம் என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது" என்றால் அவர் நிமிர்ந்து உட்காருவார். நேர்காணலில் அதிலிருந்தே கேள்வியும் கேட்பார். ஆகவே முழுதாகப் படிக்காத புத்தகத்தின் பெயரை எழுதவே கூடாது.

ராபாட்டிக்ஸ் கிளப்பை எழுதலாமா? அதில் கற்றது பாடத்தோடு சேர்ந்தால் எழுதலாம். தலைவராக இருந்தேன், குழுவாக உழைத்தோம் என்பதோடு நின்றால் வேண்டாம்.

எச்சரிக்கை: யூகாஸ் எல்லாக் கட்டுரைகளையும் பழைய கட்டுரைகளோடு மென்பொருளால் ஒப்பிட்டுப் பார்க்கிறது. உறவுக்காரப் பையன் போன வருடம் எழுதியதை மாற்றி எழுதினாலும் மாட்டிக்கொள்வீர்கள். சாட்பாட் எழுதித் தந்ததைத் தன் எழுத்தாகக் காட்டுவதும் மோசடியில்தான் சேரும். "உள்ளே ஆள் இருக்கிறார், இடம் வாங்கித் தருகிறேன்" என்று பேசும் ஏஜென்ட்டுக்கு ஒரு டாலரும் கொடுக்காதீர்கள்.

படி 6: கவுன்சலரைத் தயார்செய்தல்

அமெரிக்கப் பள்ளி கவுன்சலரில் பலர் யூகாஸை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. அவர்மீது தவறில்லை. ஆனால் அவருக்குத் தெரியாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகஸ்டிலேயே சொல்ல வேண்டும்.

பள்ளி யூகாஸில் பதிவு செய்த மையமாக இல்லாவிட்டால் பிள்ளை தனியாக விண்ணப்பித்து, பரிந்துரை எழுதுபவரின் மின்னஞ்சலைப் படிவத்தில் கொடுக்க வேண்டும். யூகாஸ் அவருக்கு இணைப்பு அனுப்பும். ஒரே ஒரு பரிந்துரைதான். ஆகவே அந்தப் பாடத்தின் ஆசிரியரே எழுதினால் நல்லது. கவுன்சலர் எழுதினால், பாட ஆசிரியரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அவரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- எந்தப் பாடம், எந்தப் படிப்பு.
- இனி எழுதப்போகும் ஒவ்வொரு ஏபிக்கும் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை அவர் குறிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த வழக்கமே இல்லை, பலர் தயங்குவார்கள். இது இல்லாவிட்டால் விண்ணப்பம் நொண்டும் என்பதை மரியாதையாக விளக்குங்கள்.
- "எல்லோருக்கும் பிடித்த, புன்னகை மாறாத பிள்ளை" என்ற வகைப் பாராட்டு தேவையில்லை. வகுப்பில் எந்தக் கேள்வி கேட்டாள், எந்தக் கணக்கை வேறு வழியில் போட்டாள் என்பது வேண்டும்.
- பள்ளியில் எத்தனை ஏபி நடக்கிறது. எட்டு ஏபி எழுதும் பள்ளியிலிருந்து வருபவரையும் நான்கே நடக்கும் பள்ளியிலிருந்து வருபவரையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள். ஆனால் யாராவது சொன்னால்தான் தெரியும்.
- கடைசி நாள்: அக்டோபர் 1 என்று எழுதுங்கள்.

அக்டோபர் 15

உண்மையான கெடு அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6. நியூ ஜெர்சியில் அது பகல் 1 மணி, டல்லாஸில் 12, கலிஃபோர்னியாவில் காலை 10. பிள்ளை அப்போது வகுப்பில் இருக்கும். இரவு உட்கார்ந்து அனுப்பிக்கொள்ளலாம் என்ற காமன் ஆப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். பரிந்துரை சேராமல் விண்ணப்பம் போகாது. அதனால்தான் கவுன்சலருக்கு இரண்டு வாரம் முந்திய தேதி.

படி 7: நேர்காணல்

நவம்பர் பிற்பாதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ அழைப்பு வரும்; சில நாள் அவகாசம்தான் இருக்கும். டிசம்பரில் நேர்காணல், இணைய வழியில். பிரிட்டனில் காலை 9 மணி என்றால் நியூயார்க்கில் அதிகாலை 4, சான் ஃபிரான்சிஸ்கோவில் நள்ளிரவு 1. நேர வித்தியாசத்தைக் கருதியே பெரும்பாலும் நேரம் குறிப்பார்கள். அப்படி இல்லையென்றால் உடனே கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். கேட்பதால் எந்தக் குறையும் வராது. அந்த வாரம் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு இருந்தால் ஆசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

இது அமெரிக்க முன்னாள் மாணவர் காபிக் கடையில் சந்தித்து அரட்டை அடிக்கும் வகை இல்லை. சிறிய பாட வகுப்பு என்றே கொள்ளலாம். "ஒரு நகரம் பேருந்துக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?" என்ற மாதிரிக் கேள்வி வரும். பதில் சொன்னதும், "சரி, அந்த ஊரில் பாதிப் பேர் நடந்தே வேலைக்குப் போகிறார்கள் என்றால்?" என்று தரையை இழுப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததிலிருந்து ஒரு அடி எடுத்து வைப்பவருக்குத்தான் மதிப்பு. மனப்பாடம் செய்த பதிலை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயிற்சிக்கு ஒரு எளிய வழி: இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளை ஒரு கணக்கையோ கருத்தையோ வாய்விட்டு யோசித்துச் சொல்லட்டும், நீங்கள் "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

கருவிகளை முதல் நாளே சோதியுங்கள். அறிவியல், கணக்குப் பாடங்களுக்குத் திரையில் எழுதும் வசதி கேட்கலாம். எழுதுகோல் உள்ள டேப்லெட்டை இரவல் வாங்கியாவது வையுங்கள். நேர்காணலின்போது பெற்றோர் அறையில் இருக்கக் கூடாது.

அமெரிக்க விண்ணப்பங்களோடு மோதாமல்

ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு போன்றவற்றின் கட்டுப்பாடுள்ள ஏர்லி ஆக்‌ஷன் முறை வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தடுப்பதில்லை. ஏர்லி டிசிஷன் வேறு. அங்கே டிசம்பர் நடுவில் இடம் கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முடிவு ஜனவரியில்தான் வரும். இந்த இரண்டில் இடம் வேண்டும் என்பவர் ஏர்லி டிசிஷன் போடுவதில் அர்த்தமில்லை.

பணம்

வெளிநாட்டு மாணவருக்கான கல்விக் கட்டணம் பாடத்தைப் பொறுத்து மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் 2025இல் சேர்ந்தவர்களுக்கு அது ஆண்டுக்கு 37,000 பவுண்டுக்கு மேல் தொடங்கி 60,000ஐத் தாண்டியது. கேம்பிரிட்ஜில் கல்விக் கட்டணத்துக்கு மேல் கல்லூரிக் கட்டணம் தனி. தங்கும் செலவு, சாப்பாடு, வருடத்துக்கு மூன்று முறை விமானம். எட்டு வாரப் பருவம் முடிந்ததும் பல கல்லூரிகள் அறையைக் காலி செய்யச் சொல்லும்.

மூன்று வருடத்தில் முடிவதால், முழுக் கட்டணம் கட்டும் அமெரிக்கத் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் மலிவாகவே வரலாம். ஆனால் நடுத்தர வருமானக் குடும்பம் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ஹார்வர்டு 2025-26 முதல் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. அப்படிப்பட்ட உதவி ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ அமெரிக்க மாணவருக்கு இல்லை. ரோட்ஸ், மார்ஷல், கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை பட்டம் முடித்தவர்களுக்கு.

கிடைப்பவை: 529 கல்விச் சேமிப்புக் கணக்கிலுள்ள பணத்தை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் பயன்படுத்தலாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. வழியாக மத்திய அரசின் மாணவர் கடன் பெறலாம். பெல் மானியம் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. எச்-4இல் இருப்பவருக்கு இந்தக் கடனும் இல்லை.

விசாவும் திரும்பி வரும் வழியும்

இடம் உறுதியாகி, கல்லூரி கேட்கும் நிதி உறுதிமொழியைக் கொடுத்த பிறகு சி.ஏ.எஸ். என்ற சேர்க்கை உறுதி எண் வரும். அதை வைத்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசாக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். மருத்துவ வசதிக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, படிப்புக் காலம் முழுமைக்கும் ஒரே தடவையில். நிபந்தனை இருந்தால் ஜூலையில் ஏபி முடிவு வந்த அன்றே காலேஜ் போர்டிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், தானாகப் போகாது.

அமெரிக்க பாஸ்போர்ட் உள்ளவருக்கு விசா எளிது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைக்கு வங்கிக் கணக்கு ஆவணங்கள் கூடுதலாகத் தேவைப்படும்.

அதைவிட முக்கியமானது அமெரிக்காவுக்குத் திரும்புவது. கிரீன் கார்டு உள்ளவர் நீண்ட காலம் வெளியே இருந்தால் குடியிருப்பைக் கைவிட்டதாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. புறப்படும் முன்பே, அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே, ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளிகள் குடியுரிமைக் கணக்கைப் பாதிக்கலாம். எச்-4 பிள்ளைக்கு 21 வயதோடு சார்புரிமை முடிகிறது. மூன்றாண்டுப் பட்டம் முடியும் வயதும் அதுவே. யூகாஸ் கட்டணம் கட்டுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

கிடைக்காவிட்டால், அல்லது நேரம் தவறிவிட்டால்

யூகாஸ் படிவத்தில் தேர்ந்தெடுத்த மற்ற நான்கு இடங்களும் அப்படியே இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் தவிர்த்த பெரும்பாலான படிப்புகளுக்கு யூகாஸ் கெடு ஜனவரியில், இம்பீரியல், எல்.எஸ்.இ., யு.சி.எல்., எடின்பரோவுக்கு அதுவரை விண்ணப்பிக்கலாம். இவற்றில் சில பாடங்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சளைத்தவை அல்ல.

பன்னிரண்டாம் வகுப்பில் தாமதமாகத் தொடங்கியவருக்கு நான் சொல்வது: இந்த அக்டோபரை விடுங்கள். மே மாதம் ஏபிகளை நன்றாக எழுதுங்கள். முடிவுகள் கையில் வந்த பிறகு அடுத்த அக்டோபரில், பள்ளி முடித்தவராக விண்ணப்பியுங்கள். பழைய கவுன்சலரிடம் பரிந்துரைக்கு ஜூனிலேயே, பள்ளி மூடுவதற்கு முன்பே, ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒரு முறை மறுக்கப்பட்டவரும் மறு ஆண்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.